லீக் சீசன் என்றால் என்ன? ஒரு மலை ஊர் அணி இந்தியாவின் சம்பியன் ஆன கதையோடு ஒரு விளக்கம்

மலையகத்தில் கால்பந்தாட்டம் என்றால் பெரும்பாலும் கிண்ணப் போட்டிதான். தைப்பொங்கலுக்கு ஒன்று, மே தினத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, காலமான ஒரு நல்ல விளையாட்டுக்காரரின் நினைவாக ஒன்று. அணிக்கு ஏழு பேர், ஒரு பாதிக்குப் பத்து நிமிடம், தோற்றால் வெளியே. பொகவந்தலாவைப் பக்கமிருந்து விடியற்காலையில் வேன் பிடித்து ஹட்டனுக்கு வருகிற ஒரு அணி, ஒன்பது மணிக்கு ஒரு கோல் வாங்கித் தோற்றுவிட்டால் அன்றைய நாள் அதோடு சரி. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கலாம். அடுத்த கிண்ணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

இப்படியே விளையாடிப் பழகிய பிள்ளைகள் டிஷ்ஷில் இந்திய லீக் ஆட்டங்களைப் பார்க்கும்போது குழம்புவது இயல்பு. "அண்ணே, போன கிழமை தோத்த டீம் இந்தக் கிழமையும் ஆடுதே, எப்படி?" என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொன்னால் லீக் என்ற ஏற்பாட்டின் பாதி விளங்கிவிடும். மீதிப் பாதியும் விளங்க வேண்டும் என்றால் ஒரு முழு சீசனை எடுத்துப் பார்ப்பதுதான் வழி.

நான் எடுப்பது இந்தியாவின் ஐ-லீக், 2016-17 சீசன். அதைவிடப் பணமும் வெளிச்சமும் கூடிய சீசன்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த வருடம் சம்பியன் ஆனது மிசோரம் மாநிலத்தின் தலைநகரான ஐஸ்வாலைச் சேர்ந்த ஐஸ்வால் எஃப்.சி. கடல் மட்டத்திலிருந்து 1,100 மீற்றருக்கு மேலே, மலை முகட்டை ஒட்டி வீடுகள் அடுக்கடுக்காக நிற்கிற ஊர். 2011 குடிசன மதிப்பீட்டின்படி மாநிலம் முழுவதற்குமே சுமார் 11 லட்சம் பேர்தான். இந்தியா போன்ற ஒரு நாட்டில் இது மிகச் சிறிய கூட்டம். தட்டையான ஒரு கிரவுண்டைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை. அவர்களுக்கும் அதே சிரமம். அந்த ஊர் கொல்கத்தாவையும் பெங்களூருவையும் தாண்டி முதலிடம் பிடித்தது எப்படி என்று பார்த்தால், லீக் சீசனின் ஒவ்வொரு விதியும் எதற்காக இருக்கிறது என்பது தானாகப் புரியும்.

எல்லாரும் எல்லாரோடும், இரண்டு முறை

முதலில் கணக்கு. 2016-17 ஐ-லீக்கில் 10 அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற 9 அணிகளோடும் இரண்டு தடவை மோத வேண்டும்: ஒன்று தன் ஊரில், ஒன்று எதிரணியின் ஊரில். ஆக ஓர் அணிக்கு 18 ஆட்டங்கள், மொத்த லீக்குக்கு 90 ஆட்டங்கள். 2017 ஜனவரி 7இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடிந்தது. இந்த நான்கு மாத காலத்தைத்தான் ஒரு சீசன் என்கிறோம். யாரும் நடுவில் வெளியே போவதில்லை. முதல் ஆட்டத்தில் தோற்றவருக்கும் இன்னும் 17 ஆட்டங்கள் பாக்கி இருக்கின்றன. அந்தப் பையனின் கேள்விக்குப் பதில் இதுதான்.

சொந்த ஊரில் ஒன்று, எதிரணி ஊரில் ஒன்று என்று ஏன் வைக்க வேண்டும்? ஒரே மைதானத்தில் வைத்தால் செலவு குறையுமே என்று தோன்றும். ஆனால் மைதானம் என்பது சும்மா ஒரு புல்தரை இல்லை. ஐஸ்வாலின் ராஜீவ் காந்தி மைதானத்தில் இருப்பது செயற்கைப் புல். பந்து வேகமாக ஓடும், எகிறும் விதமே வேறு. சமவெளியில் இருந்து வருகிற அணி மலைப்பாதையில் குலுங்கி வந்து, பழக்கமில்லாத தரையில், ஊரே திரண்டு கத்துகிற சத்தத்துக்கு நடுவில் ஆட வேண்டும். அதே போல ஐஸ்வால்காரர்கள் சென்னைக்குப் போனால் வெக்கையில் மூச்சு வாங்கும். அந்த அனுகூலம் ஒரு பக்கத்துக்கு மட்டும் போய்ச் சேரக் கூடாது. அதனால்தான் இரண்டு தடவை. நுவரெலியாவில் குளிருக்குள் ஆடிப் பழகிய அணி மாத்தளைக்கு இறங்கிப் போய் மத்தியான வெயிலில் ஆடிப் பார்த்தால் இந்த விதியின் நியாயம் உடம்புக்கே தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 18 ஆட்டம் என்றால் அதிர்ஷ்டம் தேய்ந்து போய்விடும். ஒரு நாள் மத்தியஸ்தர் தப்பாக விசில் ஊதலாம், பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பலாம், கோல் காப்பாளருக்குக் காய்ச்சலாக இருக்கலாம். கிண்ணப் போட்டியில் அந்த ஒரு நாள் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிடும். லீக்கில் அது 18இல் ஒரு நாள், அவ்வளவுதான். சீசன் முடிவில் மேலே நிற்கிற அணி, நான்கு மாதம் முழுக்க நன்றாக ஆடிய அணியாகத்தான் இருக்கும்.

புள்ளி எப்படிச் சேருகிறது

வெற்றிக்கு 3 புள்ளி. சமநிலையில் முடிந்தால் இரண்டு அணிக்கும் தலா 1. தோல்விக்கு ஒன்றும் இல்லை. இதை நம் ஆட்களுக்கு விளக்க, தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. முழு நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர், மலைக்கே போகாவிட்டால் பேரே இல்லை. மாத முடிவில் யாருக்கு எத்தனை பேர் விழுந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. எந்த நாளில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. லீக்கும் அப்படித்தான். ஜனவரியில் எடுத்த 3 புள்ளிக்கும் ஏப்ரலில் எடுத்த 3 புள்ளிக்கும் ஒரே மதிப்பு. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு: சமநிலைக்குக் கிடைப்பது வெற்றியின் பாதிகூட இல்லை, மூன்றில் ஒன்று.

அந்த வித்தியாசத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் வெற்றிக்கு 2 புள்ளிதான். அப்போது, தோற்காமல் இருந்தால் போதும் என்று பின்னால் கூடி நின்று ஆடுவது பல அணிகளுக்கு வசதியாக இருந்தது. 1981இல் இங்கிலாந்து வெற்றிக்கு 3 புள்ளி என்று மாற்றியது. 1994 உலகக் கிண்ணத்திலும் அதைக் கொண்டு வந்தார்கள். இன்று உலகம் முழுக்க அதுவே நடைமுறை.

இந்த ஒரு புள்ளி வித்தியாசம் என்ன செய்யும் என்பதற்கு 2016-17 சீசனைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. முதல் இரண்டு இடங்களையும் பாருங்கள். ஐஸ்வால்: 11 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. மோகன் பகான்: 10 வெற்றி, 6 சமநிலை, 2 தோல்வி. குறைவாகத் தோற்றது யார்? மோகன் பகான். 1889இல் தொடங்கிய, கொல்கத்தாவின் பெருமை மிக்க கழகம். ஆனால் கணக்குப் போடுங்கள். ஐஸ்வாலுக்கு 33 கூட்டல் 4, அதாவது 37. மோகன் பகானுக்கு 30 கூட்டல் 6, அதாவது 36.

சரி, இப்போது பழைய விதிப்படி வெற்றிக்கு 2 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஐஸ்வாலுக்கு 22 கூட்டல் 4, மோகன் பகானுக்கு 20 கூட்டல் 6. இரண்டும் 26! பழைய விதி இருந்திருந்தால் இரண்டு அணிகளும் சமமாக நின்றிருக்கும். தோற்றாலும் பரவாயில்லை, வெல்லப் பார்ப்போம் என்று ஆடிய அணிக்குப் புதிய விதி கொடுத்த பரிசுதான் அந்த ஒரு புள்ளி. எனக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடிக்கும். யாராவது "டிரோ போதும், பின்னால நில்லுங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதெல்லாம் இதைத்தான் எழுதிக் காட்டுவேன்.

கடைசி நாள்

சீசன் முடிய எட்டு நாள் இருக்கும்போது, ஏப்ரல் 22ஆம் தேதி, மோகன் பகான் ஐஸ்வாலுக்கு வந்தது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்த நேரத்தில் சோமிங்லியானா ரால்தே தலையால் முட்டி ஒரு கோல் போட்டார். 1-0. அந்த வெற்றியோடு ஐஸ்வாலுக்கு 36 புள்ளி, மோகன் பகானுக்கு 33. இரண்டு அணிக்கும் ஒரே ஓர் ஆட்டம் பாக்கி.

புள்ளிப் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டியது இந்த இடத்தில்தான். 3 புள்ளி முன்னால் இருக்கிறோம், ஓர் ஆட்டம்தான் மீதி என்றால் வென்றாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. ஐஸ்வால் தோற்று மோகன் பகான் வென்றால் இரண்டும் 36இல் சமமாகிவிடும். ஆக, யாருடைய முடிவையும் எதிர்பார்க்காமல் கிண்ணத்தைத் தூக்க ஐஸ்வாலுக்கு இன்னும் 1 புள்ளி வேண்டும். வெற்றி தேவையில்லை, ஒரு சமநிலை போதும்.

ஏப்ரல் 30. ஐஸ்வால் ஆடியது ஷில்லாங்கில், ஷில்லாங் லஜோங் அணிக்கு எதிராக. அதுவும் மலை ஊர்தான். அதே நேரத்தில் மோகன் பகான் சென்னை சிட்டியோடு ஆடியது. கடைசி நாள் ஆட்டங்களை ஒரே நேரத்தில் தொடங்குவது லீக்குகளில் வழக்கம். ஓர் ஆட்டம் முதலில் முடிந்தால் மற்ற ஆட்டத்தில் இறங்குகிறவர்களுக்குத் தங்களுக்கு என்ன தேவை என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். விட்டுக் கொடுப்பதற்கும் பேசி வைத்துக்கொள்வதற்கும் இடம் வரும். அதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

ஷில்லாங்கில் ஆட்டம் தொடங்கிய ஒன்பதாவது நிமிடத்தில் லஜோங் ஒரு கோல் போட்டுவிட்டது. அந்தப் பக்கம் மோகன் பகான் 2-1 என்று வென்றது. அந்த ஒரு கோல் அப்படியே நின்றிருந்தால் இரண்டு அணியும் 36 புள்ளியில் வந்து நின்றிருக்கும். இரண்டாவது பாதியில் வில்லியம் லால்நுன்ஃபெலா ஐஸ்வாலுக்காகச் சமன் செய்தார். 1-1. ஆட்டம் அப்படியே முடிந்தது. வெற்றியைக்கூடத் தராத ஒரு கோல், 90 ஆட்டங்கள் கொண்ட ஒரு சீசனின் முடிவைத் தீர்மானித்தது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் கழகம் ஐஸ்வால்.

பயிற்றுநர் காலித் ஜமீலைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் அதற்கு முன் பல வருடம் மும்பை எஃப்.சி.யில் இருந்தவர். அங்கிருந்து விலகி ஐஸ்வாலுக்கு வந்த முதல் சீசனிலேயே இந்த வெற்றி. அதே சீசனில் மும்பை எஃப்.சி. கடைசி இடத்துக்குப் போய் லீக்கை விட்டே இறங்கியது. 2025இல் காலித் ஜமீல் இந்திய தேசிய அணியின் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார்.

புள்ளி சமமானால்?

அதற்கும் விதி உண்டு, ஆனால் லீக்குக்கு லீக் மாறும். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள்: போட்ட கோலில் இருந்து வாங்கிய கோலைக் கழிப்பது. 2011-12இல் மன்செஸ்டர் சிட்டியும் மன்செஸ்டர் யுனைட்டெட்டும் 89 புள்ளியில் சமமாக நின்றபோது சிட்டிக்குக் கிண்ணம் போனது அப்படித்தான். ஐ-லீக்கில் முதலில் பார்த்தது அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்களின் முடிவை. எனக்கு இரண்டாவது முறைதான் நியாயமாகப் படுகிறது. பலவீனமான ஓர் அணிக்கு எதிராக எட்டுக் கோல் போட்டுச் சேர்த்து வைப்பதைவிட, போட்டியாளரை நேரில் வெல்வது பெரிது.

இந்த விதிக்குத் தமிழ் நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2018-19 ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி எஃப்.சி. பெயரில் சென்னை இருந்தாலும் அந்த அணி அப்போது ஆடியது கோயம்புத்தூர் நேரு மைதானத்தில். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து கப்பல் ஏறிய நம் சொந்தக்காரர்கள் கோத்தகிரியிலும் கூடலூரிலும் கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் இருக்கிறார்கள். ஆகவே அந்த வெற்றியில் நமக்கும் ஒரு சந்தோஷம் உண்டு. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள் ஸ்பெயினிலிருந்து வந்தவர்களோடு சேர்ந்து ஆடினார்கள். பயிற்றுநர் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ். முந்தைய சீசனில் பட்டியலின் அடிப்பகுதியில் தத்தளித்த அணி அது.

அந்த முறை 11 அணிகள், ஓர் அணிக்கு 20 ஆட்டங்கள். 2019 மார்ச் 9, கடைசி நாள். சென்னை சிட்டிக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. இரண்டு அணியும் வேறு வேறு ஊரில், ஒரே நேரத்தில் இறங்கின. சென்னை சிட்டி சமநிலையில் முடித்து, ஈஸ்ட் பெங்கால் வென்றால் 41க்கு 42 என்று கிண்ணம் கொல்கத்தாவுக்குப் போய்விடும். சென்னை சிட்டி தோற்று, ஈஸ்ட் பெங்கால் சமநிலையில் முடித்தால் இரண்டும் 40. அப்போது நேருக்கு நேர் முடிவைப் பார்க்க வேண்டும். சென்னை சிட்டி ஈஸ்ட் பெங்காலை இரண்டு தடவையும் வென்றிருந்ததால் அந்த நிலையிலும் கிண்ணம் கோயம்புத்தூருக்குத்தான். இப்படி ஒவ்வொரு சாத்தியத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆட்டம் பார்த்தால் சுவையே தனி. ஒருமுறை செய்து பாருங்கள்.

நடந்தது என்ன? மினர்வா பஞ்சாப் ஆரம்பத்திலேயே ஒரு கோல் போட்டு சென்னை சிட்டியைத் திணற வைத்தது. இரண்டாவது பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3-1. அங்கே கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் பின்தங்கி இருந்து மீண்டு 2-1 என்று வென்றது. முடிவில் 43க்கு 42. இரண்டு அணிக்கும் 13 வெற்றிதான். சென்னை சிட்டிக்கு 4 சமநிலை, ஈஸ்ட் பெங்காலுக்கு 3. எங்கேயோ, எந்த மாதத்திலோ, தோற்றிருக்க வேண்டிய ஓர் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்திய அந்த ஒரு புள்ளி!

இறங்குவதும் ஏறுவதும்

பட்டியலின் மேல் பகுதியை மட்டும் பார்த்தால் லீக்கின் பாதியை விட்டுவிடுவீர்கள். அடியில் நடப்பதும் முக்கியம். பல லீக்குகளில் கடைசி இடத்துக்கு வருகிறவர்கள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படுவார்கள். கீழ்ப் பிரிவில் முதலிடம் பெற்றவர் மேலே வருவார். இதனால் கிண்ணத்துக்கு வாய்ப்பே இல்லாத இரண்டு அணிகள் கடைசி வாரத்தில் மோதினாலும் அந்த ஆட்டத்தில் உயிர் இருக்கும்.

ஐஸ்வாலின் கதையில் என்னை அதிகம் உலுக்கிய பகுதி இதுதான். 2015-16 சீசனில் ஐஸ்வால் இறக்கப்பட்ட அணி. அந்தச் சீசனில் ஆடிய 9 அணிகளில் எட்டாவது இடம். கடைசி இடத்தில் இருந்த புனே அணிக்கு இறக்கத்திலிருந்து விலக்கு இருந்ததால் ஐஸ்வால் கீழே போக வேண்டி வந்தது. அதன் பிறகு கோவாவைச் சேர்ந்த சில பழைய கழகங்கள் லீக்கை விட்டு விலகிவிட, இடம் காலியாகி, ஐஸ்வாலை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். திரும்பி வந்த அந்தச் சீசனிலேயே அவர்கள் சம்பியன். ஒரு வருடத்துக்கு முன் "இந்த அணிக்கு இங்கே இடமில்லை" என்று பட்டியல் சொன்னது. அடுத்த வருடம் அதே பட்டியல் அவர்களைத் தலைமேல் தூக்கி வைத்தது.

இந்தியாவின் இன்னொரு லீக்கான ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக் 2014இல் எட்டு அணிகளோடு தொடங்கியபோது இந்த ஏற்றமும் இறக்கமும் இல்லை. காசு கட்டிச் சேர்ந்த அணிகள் எத்தனையாவது இடத்துக்கு வந்தாலும் அடுத்த வருடமும் ஆடும். கீழே இருக்கிற அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேலே போக வழியில்லை. அந்த நாட்களில் ஐஸ்வால் போன்ற ஊர்களுக்கு இது பெரிய அநியாயமாக இருந்தது; அதை நான் இன்றும் அநியாயம் என்றுதான் சொல்வேன். பிறகு கதவு திறந்தது. 2022-23 ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணியும், 2023-24இல் வென்ற கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஆடி வென்றே ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தன.

கேடயமும் கிண்ணமும்

ஐ.எஸ்.எல். பார்த்தவர்களுக்கு வந்த அடுத்த குழப்பம்: முதலிடம் பெற்ற அணி இருக்கும்போது ஏன் இன்னோர் அணி கிண்ணத்தைத் தூக்கியது?

2024-25 வரை ஐ.எஸ்.எல். சீசன் இரண்டு துண்டாக நடந்தது. முதலில் எல்லாரும் எல்லாரோடும் ஆடுகிற லீக் கட்டம். அதில் மேலே வந்த சில அணிகள் பிறகு நொக்-அவுட் முறையில் மோதி இறுதிப் போட்டிக்குப் போயின. நம் ஊர்க் கிண்ணப் போட்டியை லீக்கின் வாலில் கட்டிவிட்ட மாதிரி. 2017-18இல் பெங்களூரு எஃப்.சி. 18 ஆட்டங்களில் 40 புள்ளி எடுத்து முதலிடம். இரண்டாவது இடத்தில் இருந்த சென்னையின் எஃப்.சி.க்கு (அணியின் பெயரே அதுதான்; சென்னை சிட்டி வேறு) 32. எட்டுப் புள்ளி இடைவெளி! ஆனால் 2018 மார்ச் 17 அன்று, பெங்களூருவின் சொந்த மைதானத்திலேயே நடந்த இறுதிப் போட்டியில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்று சம்பியன் ஆனது. சென்னை ரசிகனாக யாருக்கும் அது மறக்க முடியாத இரவு. ஆனால் நான்கு மாதம் உழைத்த பெங்களூருவுக்கு அன்று கையில் ஒன்றும் இல்லை என்பதும் உண்மை.

அந்தக் குறையை 2019-20இல் சரி செய்தார்கள். லீக் கட்டத்தில் முதலிடம் பெறுகிற அணிக்குத் தனியாக ஒரு கேடயம். முதலில் பெற்றது எஃப்.சி. கோவா. இறுதிப் போட்டியை வெல்கிறவருக்குக் கிண்ணம் வழக்கம் போல. 2024-25இல் மோகன் பகான் இரண்டையும் எடுத்தது: லீக்கில் 24 ஆட்டங்களில் 56 புள்ளி, பிறகு இறுதிப் போட்டியில் மேலதிக நேரத்தில் பெங்களூருவை 2-1 என்று வென்றது.

இரண்டில் எது பெரிது என்று கேட்டால், எனக்குக் கேடயம்தான். பார்க்க விறுவிறுப்பு எது என்று கேட்டால் இறுதிப் போட்டி.

அந்தப் பிள்ளைகள் எங்கிருந்து வந்தார்கள்

ஐஸ்வாலின் வெற்றி ஒரே வருடத்தில் நடந்த அதிசயம் போலத் தெரியும். அதற்கு ஐந்து வருடத்துக்கு முன், 2012இல், மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. மாநிலத்துக்குள்ளேயே நடக்கிற ஒரு சிறிய லீக். உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் ஆட்டங்களைக் காட்டினார்கள். வாராவாரம் ஆட்டம், புள்ளிப் பட்டியல், ஊருக்குள் பேச்சு. 2014இல் மிசோரம் முதல் தடவையாக மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் கிண்ணத்தை வென்றது. மூன்று வருடத்தில் ஐஸ்வால். சென்னையின் எஃப்.சி.க்காகக் கோல் மழை பொழிந்த ஜெஜெ லால்பெக்லுவாவும் அதே மிசோரத்துப் பிள்ளைதான். ஆனால் அவர் இந்த லீக்குக்கு முந்திய தலைமுறை.

நான் அடித்துச் சொல்ல விரும்புவது இதைத்தான். திறமை மிசோரத்திலும் முன்பே இருந்தது, நம்மிடமும் இருக்கிறது. மஸ்கெலியாவிலும் லிந்துலையிலும் பள்ளிக்கூடம் விட்டு வந்து தேயிலை மலைக்கு நடுவில் சரிவான ஒரு துண்டு நிலத்தில் பந்தைக் கட்டுப்படுத்தப் பழகிய பிள்ளைக்குக் காலில் இருக்கிற நிதானம், தட்டையான மைதானத்தில் பழகிய பிள்ளைக்கு வருவது கஷ்டம். இல்லாதது சீசன். வருடத்துக்கு நான்கைந்து கிண்ணப் போட்டி, அதில் பாதியில் முதல் ஆட்டத்தோடு வெளியே என்றால், ஒரு பதினாறு வயதுப் பிள்ளை வருடம் முழுக்க ஆடுவது சொற்ப ஆட்டங்கள். தோற்ற ஆட்டத்தில் செய்த பிழையை அடுத்த கிழமையே திருத்திப் பார்க்க அவனுக்கு வாய்ப்பே இல்லை. தோற்ற அணிக்குத்தான் அடுத்த ஆட்டம் அதிகம் தேவை. கிண்ணப் போட்டி அதை வென்ற அணிக்குக் கொடுக்கிறது.

சின்ன லீக் ஒன்றை நடத்தப் பெரிய பணம் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களில் இருந்து ஆறு அணிகள் போதும். ஒரு சுற்று மட்டும் என்றால் மொத்தம் 15 ஆட்டங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று ஆட்டம் வீதம் ஐந்து ஞாயிறில் முடித்துவிடலாம். ஒவ்வோர் அணிக்கும் நிச்சயமாக ஐந்து ஆட்டம். சக்தி இருந்தால் மைதானத்தை மாற்றி இரண்டாவது சுற்று வைக்கலாம், பத்து ஞாயிறு.

அட்டவணை போடுவதில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். வழி சுலபம். ஆறு அணிக்கும் ஒன்று முதல் ஆறு வரை இலக்கம் கொடுங்கள். ஒரு தாளில் மேல் வரியில் 1, 2, 3 என்றும், அதற்கு நேர் கீழே 6, 5, 4 என்றும் எழுதுங்கள். மேலும் கீழும் எதிரெதிராக நிற்பவர்கள் முதல் ஞாயிறு மோதுவார்கள்: 1-6, 2-5, 3-4. அடுத்த ஞாயிறுக்கு 1ஐ அசைக்காமல் வைத்துக்கொண்டு மற்ற ஐந்தையும் கடிகார முள் சுற்றுகிற திசையில் ஓரிடம் தள்ளுங்கள். இப்போது மேலே 1, 6, 2. கீழே 5, 4, 3. ஆட்டங்கள் 1-5, 6-4, 2-3. இப்படி ஐந்து தடவை செய்தால் எல்லாரும் எல்லாரோடும் ஒரு தடவை மோதி முடித்திருப்பார்கள். ஐந்து அணிதான் கிடைத்தது என்றால் ஆறாவது இடத்தில் "ஓய்வு" என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே வருகிற அணிக்கு அந்த ஞாயிறு ஆட்டம் இல்லை.

காலம் பார்த்துத் தொடங்க வேண்டும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் மைதானம் சேறாகிவிடும். கொழுந்து அதிகம் வருகிற கிழமைகளில் ஞாயிறும் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்பதால் முன்கூட்டியே எல்லாத் தோட்டத்திலும் பேசி வைப்பது அவசியம். பள்ளிப் பரீட்சை வருகிற ஞாயிறுகளை அட்டவணையிலேயே வெறுமையாக விட்டுவிடுங்கள்.

விதிகளை முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, ஆறு அணித் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. புள்ளி சமமானால் நேருக்கு நேர் முடிவு, அதுவும் சமமானால் கோல் வித்தியாசம். வராத அணிக்கு 0-3 தோல்வி. நடுவில் விலகிப் போகிற அணியின் ஆட்டங்கள் எல்லாவற்றையும் பட்டியலில் இருந்து எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதோடு ஆடி முடித்தவர்களுக்கும் ஆடாதவர்களுக்கும் கணக்கு ஒத்து வராது. ஒரு வீரர் ஒரு சீசனில் ஓர் அணிக்குத்தான் ஆட வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். கடைசி ஞாயிறு மூன்று ஆட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடங்க மூன்று மைதானம் கிடைக்காது என்றால், முதலிடத்துக்குப் போட்டி போடுகிற இரண்டு அணிகளின் ஆட்டங்களையாவது பக்கத்துத் தோட்டத்து கிரவுண்டையும் கேட்டு வாங்கி ஒரே நேரத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் மாலையே பட்டியலைக் கடைச் சந்தியில் ஒட்டிவிடுங்கள், அணியின் பெயர், ஆடியது, வென்றது, சமநிலை, தோற்றது, போட்ட கோல், வாங்கிய கோல், புள்ளி என்ற வரிசையில்.